கத்தி முனையில் ஒரு மில்லிமீட்டர்

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கிழக்கு வெளுக்கும் முன்பே நெற்றி விளக்குகள் நகரத் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், மரத்துக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும்.

பால்வெட்டும் கையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்குப் பழைய வெட்டின் மேலேயே கத்தி இறங்குகிறது. மெல்லிய பட்டைச் சீவல் சுருண்டு விழுகிறது. பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது உட்பட்டையில். அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்க வைக்கும் கேம்பியம் திசு. அதன்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் போதாது. ஆழம் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி வைப்பதே பெரும்பாடு.

எத்தனை ஆழம் என்று கேட்டால், “கையிலே தெரியும்லா” என்பார்கள் பழகியவர்கள். அது முழு உண்மை. கத்திப்பிடியில் வரும் அதிர்வைத் தோலும், தசை எவ்வளவு நீள்கிறது என்பதைத் தசைக்குள் இருக்கும் உணர்விகளும் ஓயாமல் மூளைக்குச் சொல்கின்றன. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்றால் சிறுமூளை அடுத்த அசைவைத் திருத்துகிறது. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி இந்தச் சிறுமூளையில்தான் உள்ளன. இத்தனை வேலையும் நம் கவனத்துக்கு வராமலே நடக்கிறது.

இதற்கு வலுவான சான்று ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த மூளை அறுவைக்குப் பிறகு அமெரிக்கரான அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாட்களில் கை தேர்ந்துவிட்டது. முன்பு வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை!

இங்கிலாந்தின் இயன் வாட்டர்மன் இதற்கு நேர்மாறு. 1971இல் ஒரு நோய்த்தொற்றால் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும், உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வும் போயின. தசையில் பலம் இருந்தது. ஆனாலும் ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துத்தான் நடத்த வேண்டியிருந்தது. உடல் தரும் சேதி நின்றுபோனால், அறிவு அத்தனையும் கூடி உழைத்தாலும் ஓர் அடி எடுத்துவைப்பது அவ்வளவு கடினம்.

வாயால் சொல்லித் தர முடியாத இந்த அறிவு, கையிலிருந்து கைக்குத்தான் மாறும். புதிதாக வருபவரைப் பழகியவரோடு மரத்தடியில் நிறுத்துங்கள். அந்தப் பழகும் நாட்களுக்கும் இருவருக்கும் முழுக் கூலி கொடுங்கள்.