வீட்டிலிருந்து பல்கலைக்கழக நூலகம்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வந்த பிள்ளை, பொங்கல் முடிந்த மறுநாளே பையைக் கட்டுகிறது. "விடுமுறைதானே, என்ன அவசரம்?" என்று தாய் கேட்டால், "நூலகத்திலை வேலை இருக்கு அம்மா, இங்கை இருந்தால் ஒண்டும் திறக்காது" என்று பதில் வருகிறது. அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் மீண்டும் தொடங்கிவிடும். பலமுறை இடம்பெயர்ந்து, இழந்ததை இன்னும் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கும் கமக்காரக் குடும்பங்களுக்கு இது சிறிய செலவல்ல. அந்தப் பயணம் உண்மையில் தேவைதானா என்பதை நோக்குவோம்.

பல்கலைக்கழக நூலகம் என்பது இன்று அலுமாரியில் உள்ள புத்தகங்கள் மட்டுமன்று. நெல், நிலக்கடலை, உவர் ஏறிய மண், கால்நடை நோய் என ஒவ்வொரு துறைக்கும் ஆய்வுச் சஞ்சிகைகள் உலகெங்கும் வெளிவருகின்றன. பெரும்பாலானவற்றைக் கணினியிலேயே வாசிக்கலாம். ஆனால் பலவற்றுக்குச் சந்தா உண்டு. அதைப் பல்கலைக்கழகம் கட்டுகிறது. சந்தா கட்டியவர் யார் என்பதை வெளியீட்டாளரின் கணினி எப்படி அறியும்? இணையத்தில் சேரும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் எண் முகவரி உண்டு. வளாகத்தின் எண்ணிலிருந்து கேட்டால் கதவு திறக்கும். பிள்ளை வீட்டில் இருந்து கைத்தொலைபேசி வழியாகக் கேட்கும்போது தொலைபேசி நிறுவனத்தின் எண்தான் அங்கே தெரியும். உடனே, இந்தக் கட்டுரைக்கு இத்தனை டொலர் கட்டுங்கள் என்று கேட்கும்.

இது எமக்குப் புதிய அனுபவமல்ல. குடும்ப அட்டை ஒரு பிரிவில் பதிந்திருக்க, ஆட்கள் வேறொரு பிரிவில் தங்கியிருந்த நாட்களில் சங்கக் கடையில் என்ன நடந்தது என்பதை எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. உரித்து இருந்தது, நின்ற இடந்தான் பிழையாய்ப் போனது.

அட்டை பதிந்த ஊரில் நிற்கும் உறவினர் ஒருவர் எமது பங்கை வாங்கி அனுப்பிவைத்தால் எப்படி இருக்கும்? 'புறொக்சி' எனப்படும் இடைக்கணினி செய்வது அதைத்தான். மாணவர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அதனுள் நுழைவார். வளாகத்தில் உள்ள அந்தக் கணினி கட்டுரையைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு அனுப்பும். 'வீ.பி.என்.' என்பது கைத்தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ ஒரு சிறு செயலியைப் போட்டு, வளாகத்துக்கு மறைவான பாதை ஒன்று அமைப்பதாகும். இன்னொரு முறையில், சஞ்சிகையின் பக்கத்திலேயே "உங்கள் நிறுவனத்தின் மூலம் நுழைக" என்ற இடம் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தெரிவு செய்தால், இவர் எமது மாணவர்தான் என்று பல்கலைக்கழகமே உறுதி சொல்லும். எல்லா இடத்திலும் எல்லா முறையும் இருப்பதில்லை. ஆகவே எமது பிள்ளை படிக்கும் இடத்தில் எது உண்டு என்பதை நூலகரிடம் கேட்டு, கணக்கையும் திறந்து, வளாகத்தில் வைத்தே ஒருமுறை பரீட்சித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவது நல்லது. வந்த பின்னர் கடவுச்சொல் வேலை செய்யாவிட்டால் பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது, இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பின் ஊடாக மாணவர்கள் வீடுகளிலிருந்தே விரிவுரைகளைக் கேட்டனர். சிக்னல் தேடி மரத்தில் ஏறிய பிள்ளைகளும் இருந்தனர். விரிவுரைக் காணொளி டேட்டாவை விழுங்கும். கட்டுரை அப்படியல்ல, பெரும்பாலும் ஓரிரு மெகாபைட்தான். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே குடிலில் இருந்து வாசிக்கலாம்.

கடவுச்சொல்லை மட்டும் இரவல் கொடுக்கக் கூடாது. அயலவர் பிள்ளை கேட்கும்போது மறுப்பது எமது வழக்கத்தில் கஷ்டந்தான். ஆயினும் ஒரு கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இறக்கப்படுவதைக் கண்டால், வெளியீட்டாளர் முழுப் பல்கலைக்கழகத்துக்குமே கதவைப் பூட்டிவிடக்கூடும். அந்தப் பிள்ளைக்கு வேறு வழி காட்டலாம். கட்டுரை ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி அநேகமாக முதற் பக்கத்திலேயே இருக்கும். பணிவாக எழுதிக் கேட்டால் பலர் பிரதியை அனுப்பிவைப்பார்கள். இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றை 'ஸ்ரீலங்கா ஜேர்ணல்ஸ் ஒன்லைன்' என்ற தளத்தில் எவரும் இலவசமாக வாசிக்கலாம்.

பெற்றோருக்கும் திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள் சேர்க்கப்பட்டு வருகின்றன. அதற்குக் கடவுச்சொல் வேண்டாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. எமது வீடுகளில் இருந்தவை ஒவ்வொரு இடப்பெயர்விலும் போயின. பிரதி ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்து எமக்குத் தெரியும். யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் இதை அறியும்: 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று அறிவியல்நகரில் இயங்குகிறது.

மின்பிரதி இல்லாத பழைய நூல்களும் ஆய்வேடுகளும் இன்னும் நிறைய உண்டு. அவற்றுக்குப் பிள்ளை போகத்தான் வேண்டும்; ஆனால் பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துச் சென்றால் இரண்டு நாளில் திரும்பலாம். படிப்பு முடிந்ததும் கணக்கு பொதுவாக மூடப்பட்டுவிடும் என்பதால், இறுதியாண்டுப் பிள்ளைகள் தமக்குத் தேவையானவற்றை அதற்கு முன்னரே சேமித்துக்கொள்ள வேண்டும்.