தோட்டத்து வண்டியும் கப்பல் பயணமும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேண்ட்ரோவர் வண்டியைப் பற்றி நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் உறுமல் கேட்டாலே, துரை வருகிறார் என்று மண்டோர் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொள்வார். நடுநிசியில் பிரசவ வலி கண்ட பெண்ணைச் சேற்றுப் பாதையில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு ஓடியதும் அந்த வண்டிதான். அப்படி அந்த வண்டிக்குள்ளேயே பிறந்துவிட்ட ஒருவர் எங்கள் தோட்டத்தில் இன்றும் இருக்கிறார். அவருக்குப் பட்டப்பெயர் என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என்னிடம் ஆரம்பப் பள்ளியில் படித்த ஒரு பையன் இப்போது கிள்ளானில் டீசல் மெக்கானிக். அவன் தந்தை எங்கள் தோட்டத்தில் துரையின் வண்டியை ஓட்டியவர். தோட்டம் பழைய லேண்ட்ரோவரை ஏலத்தில் விட்டபோது, அவர் தம் சேமிப்பைக் கொடுத்து அதை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தினார். 1979ஆம் ஆண்டு வண்டி. மகன் அதன் கீழே படுத்துத்தான் தொழில் கற்றான். அவனுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேலையும் குடியேற்ற அனுமதியும் கிடைத்தன. ஒரு சனிக்கிழமை பாரங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், வண்டியையும் கொண்டு போகலாமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

சிரித்தது தவறு என்று பிறகு உணர்ந்தேன். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள் அல்லவா? என் தாத்தாவின் தம்பியும் அவர்களில் ஒருவர். அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் கொண்டிருந்த நம் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். கூடவே தமது ராலே சைக்கிளைச் சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டி எடுத்துப் போனார். "ஊரில் சைக்கிள் கிடைக்காதா?" என்று எல்லாரும் கேட்டார்களாம். "கிடைக்கும், இது கிடைக்காது" என்றாராம். பையனும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் வைத்திருந்தான். ஆகவே உட்கார்ந்து பாரங்களைப் படிக்க ஆரம்பித்தோம். அதில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நம் பிள்ளைகள் பல நாடுகளுக்குப் போகும் காலம் இது, யாருக்காவது பயன்படும்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களுக்குத்தான் எஞ்சினின் விசை போகிறது. செம்பனைத் தோட்டத்துக் களிமண்ணில் அவற்றுள் ஒன்று வழுக்கினால், அது சும்மா சுழலும்; கார் நகராது. லேண்ட்ரோவரில் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. அது விசையைப் பிரித்து முன் அச்சுக்கும் அனுப்புகிறது. அதிலேயே ஒரு சிறிய நெம்புகோலை மாற்றினால், வேகம் குறைந்து இழுக்கும் பலம் பெருகும். மாட்டு வண்டி மேட்டில் ஏறும்போது மாடு அடியெடுத்து அடியெடுத்து இழுப்பதைப் போல என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. மாட்டு வண்டி பார்த்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த வண்டி 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடல் பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டம் எஃகு. அது உள்ளே வெற்றிடமாக உள்ள பெட்டி வடிவச் சட்டம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

வண்டி கடல் கடந்து போவது ஒன்றும் புதுமையில்லை. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, நம் மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்று பிற்பாடு அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் ஹெலீனா தீவில் கிடந்தது. அதைத் தேடிப் பிடித்து, கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டு வந்து பழுது பார்த்து, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓட்டிச் சென்றார்கள். பையனின் தந்தையிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம வண்டியும் போகும்" என்றார், வழக்கு முடிந்துவிட்டது போல.

வழக்கு முடியவில்லை. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். சிங்கப்பூருக்கு மூன்று வயதைத் தாண்டிய பழைய காரைப் பொதுவாகக் கொண்டு போக முடியாது. மிகப் பழைய அரிய வண்டிகளுக்கு மட்டும் தனி ஏற்பாடு. இந்தியாவும் பழைய வண்டி மூன்று வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. சுங்க வரியும் மிகக் கடுமை. தமிழ்நாட்டில் போய்க் குடியேற நினைப்பவர்கள் காரை இங்கேயே விற்றுவிடுவது நல்லது என்பது என் கருத்து. பிரிட்டனில், குடிபெயர்ந்து வருபவர் ஆறு மாதமாவது தம்மிடம் வைத்திருந்த வண்டிக்கு வரிச் சலுகை கேட்கலாம்.

ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே இடப்பக்கமாக ஓட்டுகிறார்கள். ஸ்டீயரிங்கை மாற்ற வேண்டியதில்லை. அங்கே இரண்டு வழிகள் நமக்குப் பொருந்தும். ஒன்று, குடியேற வருபவர் வெளிநாட்டில் தொடர்ந்து 12 மாதமாவது சொந்தமாக வைத்திருந்த வண்டி. மற்றொன்று, 25 வயது கடந்த பழைய வண்டி. நம் லேண்ட்ரோவர் இரண்டாவது வழியில் சுலபமாக நுழைந்தது. ஆனால் எந்த வழியானாலும், இறக்குமதி அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் வண்டியைக் கப்பலில் ஏற்ற வேண்டும். முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தவர்கள், வண்டியைச் சொந்தச் செலவில் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ நேரும்.

இங்கே நம் பக்கத்து வேலையும் உண்டு. வங்கிக் கடனில் வாங்கிய வண்டி என்றால், அதன் மேல் வங்கிக்கு உரிமை பதிவாகியிருக்கும். கடனை அடைத்து அந்த உரிமையை நீக்காமல் வண்டி நாட்டை விட்டு நகராது. பிறகு சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு நீக்கம், சுங்க இலாகாவில் ஏற்றுமதிக்கான 2ஆம் எண் பாரம். ஒரு முறை பதிவை நீக்கி அனுப்பிய வண்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் இறக்குமதி அனுமதி தேவைப்படும். "பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம்" என்பது மனிதனுக்குப் பொருந்தலாம், வண்டிக்குப் பொருந்தாது.

எங்களுக்கு இடி விழுந்தது வேறு இடத்தில். கிராண்டில் எழுதியிருந்த எஞ்சின் எண் ஒன்று. வண்டியில் இருந்த எண் வேறொன்று! முன்னொரு காலத்தில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், பதிவு செய்யவில்லை. தந்தைக்கு அது நினைவிருந்தது. "எண்பத்தேழோ எட்டோ, வெள்ளத்தில் எஞ்சின் போச்சு" என்றார். புஸ்பாகோம் சோதனை, இலாகாவில் திருத்தம் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. நேயர்களே, நீங்கள் வெளிநாடு போகாவிட்டாலும் பரவாயில்லை. இன்று மாலை உங்கள் வண்டியின் கிராண்டை எடுத்து, எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ். வெப்பத்தைத் தாங்கும் இந்தக் கல்நார் பழைய வண்டிகளின் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, எஞ்சின் கேஸ்கெட் ஆகியவற்றில் இருக்கும். அதன் நுண்ணிய தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இதை முற்றாகத் தடை செய்துவிட்டது. வண்டியில் ஒரு துண்டு இருந்தாலும் குற்றம். ஆகவே பையன் அந்தப் பாகங்கள் அனைத்தையும் கழற்றி, கல்நார் இல்லாதவை என்று சான்று உள்ளவற்றைப் பொருத்தினான். ரசீதுகளைக் கோப்பில் வைத்தான். நம்மில் எத்தனை பேர் பிரேக் டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியை ஊதியிருக்கிறோம்! தந்தையும் அப்படித்தான் முப்பது வருஷம் செய்தார். இனிமேலாவது பழைய வண்டியின் பிரேக்கை ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் அணியுங்கள்.

இப்போது சேறு. ஆஸ்திரேலியா தன் மண்ணுக்குள் வெளிநாட்டுப் பூச்சியும் விதையும் வராமல் காப்பதில் மிகுந்த கண்டிப்பு உடையது. நம் தோட்டத்துச் செடிகளைத் தின்னும் பெரிய ஆப்பிரிக்க நத்தை இருக்கிறதே, மழை பெய்தால் லயத்துச் சுவரில் ஏறுமே, அது 1977இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஓர் ஊரில் புகுந்துவிட்டது. பெரும்பாடுபட்டு அதை ஒழித்தார்கள். அந்த நத்தையின் முட்டை சேற்றுக் கட்டிக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும்? காட்டில் ஓடும் வண்டி என்றால் அதிகாரிகளின் கண் இன்னும் கூர்மையாகும். நான் முன்பு சொன்ன அந்தப் பெட்டிச் சட்டத்துக்குள் நாற்பது வருஷத்துத் தோட்டத்து மண் இறுகிக் கிடந்தது. மூன்று வார இறுதிகள், உயர் அழுத்த நீர்க் குழாய் கொண்டு துளைகள் வழியே பீய்ச்சி, கம்பியால் குத்தி எடுத்தார்கள். வந்த மண் முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. "இது பழைய பதினாலாம் நம்பர் தோப்பு மண்" என்று தந்தை கையில் எடுத்துப் பார்த்தார். அந்தத் தோப்பு இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி.

கழுவி முடித்து இருக்கைகளைக் கழற்றியபோது, அடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். முருங்கை விதையும் கறிவேப்பிலை விதையும். அம்மாவின் வேலை! "அங்கே கீரைக்கு என்ன பண்ணுவான்?" என்று அவர் கேட்டார். அம்மாக்களே, தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். விதை, செடி, தென்னை ஈர்க்கு விளக்குமாறு, காய்ந்த பூமாலை எதையும் ஒளித்து அனுப்பக் கூடாது. கண்டுபிடித்தால் அபராதம் மகனுக்குத்தான்.

கப்பலில் ஏற்ற இரண்டு முறைகள் உண்டு. வண்டியை ஓட்டியே கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்று. கொள்கலனில் வைத்துப் பூட்டுவது மற்றொன்று. 20 அடிக் கொள்கலனின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர், வாசல் உயரம் 2.28 மீட்டர். பையனின் வண்டி 109 அங்குல வகை. அந்த எண், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரம். மொத்த நீளம் ஏறத்தாழ நாலரை மீட்டர். கூரைச் சட்டத்தைக் கழற்றியதும் தாராளமாக நுழைந்தது. பெட்ரோலைக் குறைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலையிலும் பட்டையால் கட்டினார்கள். காப்புறுதியும் எடுத்தான். கடலில் கொள்கலன் ஆடும். கட்டு தளர்ந்தால் வண்டியே வண்டியை இடித்துக்கொள்ளும்.

செலவுக் கணக்கை மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பொதுவான சுங்க வரி 5 விழுக்காடு. வண்டியின் வயதையும் நாடுகளின் ஒப்பந்தத்தையும் பொறுத்து அது குறையலாம், இல்லாமலும் போகலாம். பொருள் சேவை வரி 10 விழுக்காடு. கணக்குக்காக வண்டியின் மதிப்பு 10,000 டாலர், கப்பல் கட்டணமும் காப்புறுதியும் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 500. பிறகு மூன்றையும் கூட்டினால் 13,500. அதில் பத்து விழுக்காடு 1,350. ஆக வரி மட்டும் 1,850 டாலர். வரிக்கும் வரி போடுகிறார்களே என்று பையன் முணுமுணுத்தான். இதோடு துறைமுகக் கட்டணம், முகவர் கூலி, தடுப்புச் சோதனை, அங்கே மாநிலப் பதிவுக்கான சோதனை எல்லாம் சேரும். நாலைந்து வயதான ஹைலக்ஸ் வைத்திருப்பவர் என்னைக் கேட்டால், இங்கே விற்று அங்கே வாங்கச் சொல்வேன். அதே வண்டி அங்கே தெருவுக்கு நாலு நிற்கிறது. லேண்ட்ரோவர் விஷயத்தில் நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கொள்கலன் புலாவ் இண்டாவில் உள்ள மேற்குத் துறைமுகத்துக்குப் போன நாளன்று தந்தை வரவில்லை. வீட்டு முன்னால் எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாராம்.

வண்டி போய்ச் சேர்ந்தது. அங்கே சட்டத்துக்குள் இன்னும் கொஞ்சம் மண் இருக்கிறது என்று கண்டு, மறுபடி கழுவ வைத்தார்கள். அந்தச் செலவும் பையனுடையதே. சென்ற மாதம் தந்தை பள்ளிக்கு வந்து கைப்பேசியில் படம் காட்டினார். நீல வானத்தின் கீழ் வண்டி நின்றது. அவர் முகத்தில் கவலை. "சார், அவனுக்கு நீங்க ஒண்ணு எழுதணும்" என்றார். லேண்ட்ரோவரில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. விசையைக் கடத்தும் தண்டைத்தான் பிடிக்கும். வண்டி ஓடும்போது இழுத்தால் உடைந்துவிடும். நின்ற பிறகுதான் இழுக்க வேண்டும். லைனிங்கோ புதிது. "நான் சொன்னா, தெரியும்ப்பா, தெரியும்ப்பாங்கிறான். நீங்க எழுதினா படிப்பான்" என்றார்.

அன்று மாலையே எழுதி அனுப்பினேன்.