வனிலா மணமும் விலையும்

மலிவான வனிலா வாசனைத் திரவியத்தை முகர்ந்தவுடன், “வெறும் இனிப்பு” என்று முகஞ்சுளிப்போர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பதப்படுத்திய வனிலாக் காயில் நூற்றுக்கு மேற்பட்ட மணப்பொருள்கள் கூடிப் புகை, மரம், பதனிட்ட தோல் ஆகியவற்றின் சாயலைத் தருகின்றன. மலிவுப் புட்டியிலோ வனிலின் என்னும் ஒன்றே ஓங்கி நிற்கும். ஆயினும் அது விரைவில் ஆவியாவதில்லை. பூமணமும் பழமணமும் அகன்ற பின்னரும் ஆடையில் தங்கும். 1874இல் ஜேர்மனியரான தீமானும் ஹார்மனும் ஊசியிலை மரச்சாற்றுப் பொருளிலிருந்து அதனை ஆக்கினர். 1889இல் பாரிஸ் கெர்லேன் நிறுவனத்தார் தமது புகழ்பெற்ற ‘ஜிக்கி’யில் அச்செயற்கை வனிலினையே சேர்த்தனர். செல்வர் புட்டியில் கலையெனப் போற்றப்பட்ட பொருள், ஏழைப்பெண்ணின் கைக்குட்டையில் மட்டும் இழிவாகிவிடுமோ?