அரண்மனைக்காரன் தெருவும் ஆர்மேனியர் கோயிலும்

சென்னை மாநகரின் ஜோர்ஜ் டவுன் பகுதியில், உயர்நீதிமன்றத்துக்கு அணித்தாக, அரண்மனைக்காரன் தெரு என மக்கள் வழங்கும் தெரு ஒன்றுண்டு. அத்தெருவில் அரண்மனை யாதுமில்லை. 'ஆர்மேனியன்' என்னும் அயற்சொல் தமிழ்மக்கள் நாவிற் பயின்று 'அரண்மனைக்காரன்' எனத் திரிந்தது. பொருள் விளங்காத சொல்லைப் பொருள் விளங்குஞ் சொல்லாக மாற்றிக்கொள்ளுதல் பொதுமக்கள் வழக்கின் இயல்பு. ஆயினும், அம்மாற்றம் ஒரு சமூகத்தின் வரலாற்றையே மறைத்துவிட்டது. அவ்வரலாற்றின் சான்றாக அத்தெருவில் இன்றும் நிற்பது, மரியன்னையின் பெயரால் அமைந்த ஆர்மேனியர் தேவாலயமாகும்.

ஆர்மேனியர் கொக்கேசிய மலைப்புறத்து நாட்டினர்; தொன்மையான கிறித்தவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீக மன்னன் முதலாம் ஷா அப்பாஸ், ஜுல்பா நகரத்து ஆர்மேனியரைப் பெயர்த்துத் தன் தலைநகராகிய இஸ்பகானின் அயலிற் குடியேற்றினான். அக்குடியேற்றம் புதிய ஜுல்பா எனப் பெயர்பெற்றது. அங்கிருந்து வணிகத்தின்பொருட்டு இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தோர் பலர். 1688இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியார் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தனர். கம்பனியாரின் நகரொன்றில் ஆர்மேனியர் நாற்பதின்மர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குடியேறின், அவர்கள் வழிபாட்டிற்கு நிலமும் கோயிலும் அளிக்கப்படும் என்பது அதிற் கண்ட ஒரு வாக்குறுதி. சென்னையில் அவர்தம் முதற்கோயில் 1712இல் எழுந்தது. இப்பொழுதுள்ள கோயில் 1772இல் அமைந்தது.

கோயிலின் மணிக்கூண்டு வழிபாட்டு மண்டபத்தினின்று பிரிந்து தனித்து நிற்கின்றது. அதில் ஆறு மணிகள் உள. அவற்றுள் மிகப் பழையது 1754ஆம் ஆண்டுக்குரியது. அது 1808இல் மீண்டும் வார்க்கப்பட்டது. அம்மணியில் தமிழெழுத்துப் பொறிப்பும் உண்டு. 1837ஆம் ஆண்டுக்குரிய மணிகள் இரண்டும் இலண்டனில் வார்க்கப்பெற்றவை. முற்றத்திற் பதித்த கல்லறைக் கற்கள் ஆர்மேனிய மொழியில் இறந்தோர் பெயரைக் கூறுகின்றன.

சென்னை ஆர்மேனியருட் புகழ்பெற்ற வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். அடையாற்றின்மேற் பாலமொன்றை அவர் 1726இல் தம் பொருளாற் கட்டுவித்தார். பரங்கிமலைக்குக் கற்படிகளும் அமைத்தார். அப்பாலத்தை ஆங்கிலேயர் 'மர்மலாங்' என்றனர். மாம்பலம் என்னும் தமிழ்ப்பெயரே அவர் நாவில் அவ்வாறு சிதைந்தது என்பர். ஆர்மேனியன் தமிழர் நாவில் அரண்மனைக்காரன் ஆனதற்கு இஃது ஈடாயிற்றுப் போலும்! 1966இல் அவ்விடத்துப் புதுப்பாலம் எழுந்து மறைமலையடிகள் பெயரைப் பெற்றது.

நிற்க. பாலத்தினும் படிகளினும் சிறந்த பணியொன்றை இச்சமூகம் சென்னையில் ஆற்றியது, அஃது அச்சுப்பணி. ஷஹாமிர் ஷஹாமிரியன் என்னும் வணிகர் 18ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் இங்கு ஆர்மேனிய அச்சுக்கூடம் நிறுவினார். அதிலிருந்து 1772இல், மோவ்சேஸ் பக்ராமியன் இயற்றியதாகக் கருதப்படும் நூலொன்று வெளிவந்து, நாட்டு விடுதலையை நாடுமாறு ஆர்மேனிய இளைஞரை ஊக்கிற்று. தலைமைக் குருவாகிய சிமியோன் அந்நூலைக் கண்டித்தார். எனினும் அச்சுக்கூடத்தார் பின்வாங்கவில்லை. 1773 என ஆண்டு குறித்த பிறிதொரு நூல், விடுதலைபெற்ற ஆர்மேனியாவுக்கு வேண்டிய அரசியற் சட்டத்தையே விதிவிதியாக வகுத்துரைத்தது. தமக்கென ஓர் அரசில்லாத மக்கள், கடல்கடந்த நகரொன்றிலிருந்து தம் அரசின் சட்டத்தை முன்னரே எழுதி வைத்தனர் என்பது எண்ணுந்தொறும் வியப்பளிப்பதாகும்.

உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை பிறந்ததும் இந்நகரிலேயே. 'செய்தி அறிவிப்போன்' எனப் பொருள்படும் 'அஸ்தரார்' 1794 ஒக்தோபரில் வெளிவரத் தொடங்கி 1796 வரை நடைபெற்றது. அதன் ஆசிரியர் ஷீராஸ் நகரத்தவரான குரு ஹாருத்தியூன் ஷிமாவோனியன் ஆவர். 1824இல் மறைந்த அவர் இக்கோயிலிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

இத்தெருவும் அதன் சூழலும் பின்னரும் சொல்லாலும் எழுத்தாலும் சிறப்புற்றன. 1916இல் தொடங்கிய சுயவாட்சி இயக்கக் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் முழங்கிய கோகலே மண்டபம் இத்தெருவினது. கத்தோலிக்கரின் மரியன்னை இணைப்பேராலயமும் இங்கேயே உள்ளது. நல்லூர் ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிற் சைவத்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அச்சியந்திரசாலை, இதே ஜோர்ஜ் டவுனிலுள்ள தங்கசாலைத் தெருவில் இருந்தது. தாய்மண்ணுக்கு அப்பாலிருந்து தம் மக்களுக்கு நூல்செய்தோர் இருசாராருக்கும் இப்பட்டினம் இடந்தந்தது.

இன்று சென்னையில் ஆர்மேனியக் குடிகள் ஏறத்தாழ அற்றுப்போயின. கோயிலைக் கொல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் திருச்சபையார் பேணிவருகின்றனர். வணிகர் ஈட்டிய பொருள் போயிற்று; கட்டிய பாலமும் போயிற்று. ஆயினும் அவர்கள் அச்சிட்ட ஏடுகளை ஆர்மேனியர் இன்றும் தம் இதழியலின் தொடக்கமாகப் போற்றுகின்றனர். 1991இல் ஆர்மேனியா தனியரசாயிற்று. 1995இல் தனக்கென அரசியற் சட்டமும் வகுத்துக்கொண்டது. அதற்கு இருநூறாண்டுகளுக்கு முன்னரே அத்தகைய சட்டமொன்றை அச்சுக்கோத்த நகரில், 'அரண்மனைக்காரன்' யாவன் என்பதை அறிந்து நடப்போர் சிலரேயாவர்.