காட்டில் புதுக் குரங்கு, பட்டியில் புது நோய்

2020. ஊரடங்கில் தேசமே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, பிரம்மபுத்திராவில் பன்றிகள் செத்து மிதந்து வந்தன. காசிரங்கா தேசியப் பூங்காவின் அகராதோலி பகுதியில் ஆறடி ஆழத்தில், 2 கி.மீ. நீளத்துக்கு அவசர அவசரமாகக் கால்வாய் வெட்டினார்கள். காண்டாமிருகத்துக்காக அல்ல. பூங்காவின் காட்டுப் பன்றிகள் ஊர்ப் பக்கம் போய் நோயை வாங்கி வந்துவிடக் கூடாதே என்றுதான்.

வந்திருந்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அதுவரை இந்தியா கண்டிராத நோய். அசாமில் பிப்ரவரி கடைசியிலேயே பன்றிகள் விழ ஆரம்பித்துவிட்டன. ஆனால் போபாலில் உள்ள மத்திய அரசின் உயர் பாதுகாப்புக் கால்நடை நோய் ஆய்வகம் உறுதி செய்து, மாநில அரசு அதை அறிவித்தபோது மே 3 ஆகிவிட்டது. அதற்குள் அசாமில் மட்டும் 306 கிராமங்களில் சுமார் 2,500 பன்றிகள் காலி. அருணாசலப் பிரதேசத்திலும் சாவுகள்.

தாமதத்துக்கு யாரையாவது குறை சொல்வது சுலபம். ஆனால் சாதாரணப் பன்றிக் காய்ச்சல் இந்தப் பக்கம் பழைய விருந்தாளி. காய்ச்சல், தீனி எடுக்காமை, காதிலும் வயிற்றிலும் சிவப்புத் திட்டுகள் என்று இரண்டு நோய்க்கும் அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றே. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆய்வகத்தால்தான் முடியும். பழைய நோய்க்குத் தடுப்பூசி உண்டு. புதியதற்கு அன்று உலகில் எங்குமே கிடையாது. வந்தால் பட்டியில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. மனிதர்களைத் தொற்றாது என்பது மட்டுமே ஆறுதல்.

நஷ்டத்தைப் புரிந்துகொள்ள வடகிழக்கில் பன்றி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி நாட்டில் உள்ள சுமார் 90 லட்சம் பன்றிகளில் 21 லட்சம் அசாமில். நாட்டிலேயே அதிகம். பெரிய பண்ணைகள் குறைவு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு, மூன்று பன்றிகள், சமையலறைக் கழிவு, சேம்பு இலை. வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம் என்று எது வந்தாலும் விற்கப்படுவது பன்றிதான். அந்தச் சேமிப்பு ஒரே வாரத்தில் போனது. அடுத்த ஆண்டு மிசோரத்தின் முறை: 2021ல் மட்டும் 33 ஆயிரத்துக்கும் அதிகமான பன்றிகள். அதற்குப் பிறகும் அங்கே நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

நோய் மட்டும்தான் பதிவாகாமல் கிடந்தது என்றில்லை. இந்த மலைகளில் குரங்கு அளவுக்குப் பெரிய மிருகமே விஞ்ஞானத்தின் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. அருணாசலத்தின் தவாங், மேற்கு காமெங் மாவட்டங்களில் கண்டறியப்பட்ட அருணாசலக் குரங்கு புது இனமாக அறிவிக்கப்பட்டது 2005ல்தான். அதன் வகையில் அதற்கு முந்தைய புது இனம் கிடைத்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. விளைச்சலில் கைவைக்கும் இந்தத் திருடனை மோன்பா மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 'முன் சாலா', அதாவது அடர்காட்டுக் குரங்கு என்பது அவர்கள் வைத்த பெயர். விஞ்ஞானப் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. அதே மாநிலத்தில் சின்னஞ்சிறு இலைமான் இருப்பதற்கு ஆதாரமாக உதவியவை வேட்டைக்காரர் வீடுகளில் இருந்த மண்டையோடுகள்.

2006ல் ஈகிள்நெஸ்ட் காட்டில் இன்னொரு அதிசயம். ரமணா ஆத்ரேயா என்ற வானியற்பியலாளர் 1995ல் அங்கே ஒரு விசித்திரப் பறவையைக் கண்டு, பத்தாண்டு கழித்து மறுபடியும் அதைத் தேடிப் போனார். புது இனம் என்று நிரூபிக்க ஒரு பறவையைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பதுதான் மரபு. ஆனால் அதுவரை பார்த்ததே 14 பறவைகள். அவர் கொல்ல மறுத்தார். வலையில் சிக்கியதை அளந்து, படம் எடுத்து, உதிர்ந்த சில இறகுகளை வைத்துக்கொண்டு பறக்கவிட்டார். அந்தக் காட்டின் சொந்தக்காரர்களான புகுன் பழங்குடியின் பெயரையே பறவைக்குச் சூட்டினார்.

காட்டுக்கும் பட்டிக்கும் இங்கே வேலி கிடையாது என்பதுதான் சிக்கலே. மிதுன் மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 கணக்கில் நாடு முழுக்க இருந்த சுமார் 3.9 லட்சம் மிதுன்களில் 3.5 லட்சம் அருணாசலத்தில். அந்தஸ்து, பெண் வீட்டாருக்குச் சீர், தகராறில் அபராதம் எல்லாவற்றுக்கும் மிதுனே நாணயம். ஆனால் அது தொழுவத்தில் நிற்பதில்லை. காட்டில் மேய்ந்து, உப்புக்காக மட்டும் உரிமையாளரைத் தேடி வரும். கோமாரி கண்டு நாலு மிதுன் காட்டுக்குள் விழுந்தால் யார் கணக்கெடுப்பது? நாகாலாந்தில் மிதுனுக்கும், அருணாசலத்தின் திராங்கில் யாக்குக்கும் தனித்தனியே தேசிய ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து போக வேண்டிய கிராமங்களுக்குத்தான் சாலை இல்லை.

பன்றிக் காய்ச்சலில் மிக அதிகம் கவலைப்பட்டவர்களில் ஒரு கூட்டம் பன்றி வளர்ப்பவர்களே அல்ல. உலகிலேயே சிறிய காட்டுப் பன்றியான குள்ளப் பன்றியின் காவலர்கள். உயரம் 25 செ.மீ. எடை பத்துக் கிலோகூட இராது. பூண்டோடு அழிந்ததாகக் கருதப்பட்ட இது 1971ல் அசாமில் மீண்டும் தட்டுப்பட்டது. 1996ல் மானஸ் காட்டில் பிடித்த ஆறு பன்றிகளைக் கொண்டு குவாஹாட்டி அருகே இனப்பெருக்கம் தொடங்கி, 2008 முதல் இதுவரை 150க்கும் மேற்பட்டவற்றைப் புல்வெளிகளில் விட்டிருக்கிறார்கள். ஊர்ப் பன்றியின் காய்ச்சல் இந்தக் கூண்டுகளில் நுழைந்தால் கால் நூற்றாண்டு உழைப்பு சில நாட்களில் தீர்ந்துவிடும். எனவே 2020ல் உள்ளே நுழையும் ஆள், செருப்பு, தீவனம் எல்லாவற்றுக்கும் கெடுபிடி.

குள்ளப் பன்றியின் உடம்பில் மட்டுமே வாழும் ஒரு பேன் இனமும் உண்டு. 1970களில்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். பன்றி போனால் அதுவும் போகும். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் அந்தப் பேனுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.