அண்டை மண்டலத்திலிருந்து வந்த ரேடியோ துடிப்பு

தூரக் கடலில் எழுந்த புயலின் சுவடாக முதலில் நெடிய அலைகளும், பின்னர் குறுகிய அலைகளுமாகக் கரை சேர்வதைக் காசிமேட்டு மீனவர் நன்கு அறிவார். ஆகாயத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளிலோ, வழியெங்கும் விரவிக் கிடக்கும் எலெக்ட்ரான்கள் நெடிய அலைகளையே அதிகம் தாமதப்படுத்துவதால், இந்த வரிசை தலைகீழாகிக் குறுகியவை முந்தி வருகின்றன. அந்தத் தாமதத்தை அளந்தே, அலை கடந்து வந்த தூரத்தை விஞ்ஞானிகள் ஒருவாறு மதிப்பிடுகிறார்கள்.

2007இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட கணநேர ரேடியோ வெடிப்புகள், ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கே நீடிப்பவை. எந்தத் திசையில், எந்த க்ஷணத்தில் எழும் என்று அறிய முடியாத இவற்றைப் பிடிக்க, ஆகாயத்தின் ஒரு புள்ளியை மட்டும் உற்று நோக்கும் சாதனம் போதாது.

இதற்குக் கைகொடுத்த நீள்தொட்டி வடிவத்தைச் சொல்லும்போது நம் நீலகிரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப்பும் அவருடைய சகாக்களும் 1970இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி, வட்டக் கிண்ணமாக அன்றி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட நீள்தொட்டியாக, அந்த ஊரின் அட்சரேகைக்கு ஒத்த சுமார் 11 பாகைச் சரிவுள்ள மலைப்பக்கத்தில் கிடத்தப்பட்டது. அதனால் அதன் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாக அமைய, ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிந்தது. மலையின் சாய்வையே யந்திரத்தின் அங்கமாக்கிய அந்த யுக்தியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே நீள்தொட்டி வடிவத்தில், கனடாவின் பென்டிக்டன் அருகே நான்கு தொட்டிகளை அசையாமல் நிறுத்தி, பூமியின் சுழற்சியால் வடவானம் முழுவதும் தன்மேல் கடந்து செல்லுமாறு அமைத்த சைம் என்னும் தொலைநோக்கி, 2020 ஜனவரி 20 அன்று ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது. தாமதம் மிகக் குறைவாக இருந்ததால், அது அண்மையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது புலனாயிற்று. பிறகு ஐரோப்பியத் தொலைநோக்கிகள் பலவற்றை இணைத்துத் தேடியபோது, ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்81 என்னும் அண்டை நக்ஷத்திர மண்டலத்தின் கோளவடிவ நக்ஷத்திரக் கொத்து ஒன்றே அதன் பிறப்பிடம் என்று தெளிந்தது.

ஆச்சரியம் அங்கேதான் தொடங்கியது. இத்தகைய வெடிப்புகளுக்குக் காரணம் என்று கருதப்படும் காந்த நக்ஷத்திரங்கள், அற்பாயுளுடைய பெரிய நக்ஷத்திரங்களின் மரணத்தில் பிறப்பவை. கோளவடிவக் கொத்துகளிலோ பல நூறு கோடி ஆண்டு முதிர்ந்தவையே மிஞ்சியிருக்கின்றன. வெள்ளைக் குள்ளன் என்னும் முதிய நக்ஷத்திர எச்சம் ஒன்று தன் பாரம் தாங்காமல் குலைந்தோ, இரண்டு ஒன்றோடொன்று கலந்தோ அங்கே ஒரு காந்த நக்ஷத்திரம் உருவாகியிருக்கலாம் என்பது இப்போதைய ஊகம். அது இன்னும் நிரூபணமாகவில்லை.

எம்81 சப்தரிஷி மண்டலத்தின் பக்கம் இருக்கிறது. ஏப்ரல் மாத முன்னிரவில், நகர விளக்குகள் எட்டாத இடத்திலிருந்து வடவானை நோக்கிச் சிறிய தொலைநோக்கி ஒன்றைத் திருப்பும் வாசகர் அதைத் தாமே காணலாம்.