முழங்காலற்ற ராஜகுமாரி

சென்ற இதழில், 1962ஆம் ஆண்டு மே மாதத்தில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர்கள் தங்கள் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டைப் பார்வையாளர்களுக்குக் காட்டிய வைபவத்தைக் கண்டோம். கணினி விளையாட்டை ஒரு ஜீவனோபாயமாகக் கருத அந்நாளில் இடமே இல்லை. நாற்பது வருஷங்களுக்குப் பிறகோ, அந்த வித்தையைப் போதிப்பதையே பிரதான காரியமாகக் கொண்ட டிஜிபென் என்னும் கல்லூரி, வாஷிங்டன் மாகாணத்து ரெட்மண்ட் நகரில் நடந்துகொண்டிருந்தது. அங்கே பயின்ற சில மாணவர்கள் ஒன்றுகூடி, 'நியூக்ளியர் மங்க்கி' என்று தங்கள் கோஷ்டிக்கு ஒரு குறும்புப் பெயரும் சூட்டிக்கொண்டு, 2005ஆம் ஆண்டில் 'நார்பாகுலர் டிராப்' என்ற விளையாட்டைச் செய்து முடித்தார்கள்.

அதன் கதாநாயகி ஒரு ராஜகுமாரி. அரக்கன் ஒருவனால் கவர்ந்து செல்லப்பட்டுப் பாதாளச் சிறையில் கிடப்பவள். அவளுக்கு முழங்கால்கள் இல்லை. ஆகையால் குதிக்க முடியாது. சிறைக்கூடமோ பேசும் சக்தி வாய்ந்த ஓர் ஆவி, பெயர் வாலி. (கிஷ்கிந்தையின் அதிபதிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.) இந்த வாலியின் தயவால் சுவரிலோ தரையிலோ இரண்டு வாசல்களைத் திறக்கலாம், ஒன்றினுள் நுழைந்தால், இடையில் எத்தனை தூரமிருந்தாலும் மற்றொன்றின் வழியே வெளிவந்துவிடலாம். தாவிக் குதிப்பதையே நாயக லட்சணமாகக் கொண்டிருந்த விளையாட்டுலகில், அந்த ஒரு சௌகரியத்தைப் பறித்து, ஆடுபவரை அவ்விரு வாசல்களையே நம்பியிருக்கச் செய்த யுக்தியைத்தான் நான் அந்த மாணவர்களின் முதல் சாமர்த்தியம் என்பேன்.

கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்புக் கண்காட்சியில் இதைக் கண்ணுற்ற ராபின் வாக்கர் என்பவர், தாம் பணிபுரிந்த வால்வ் நிறுவனத்துக்கு வந்து விளையாட்டைக் காட்டும்படி அவர்களை அழைத்தார். அண்டை நகரமான பெல்வியூவில் இருந்த அந்த நிறுவனம், 'ஹாஃப் லைஃப்' விளையாட்டினால் உலகப் பிரசித்தி பெற்றிருந்தது. எதிரே அமர்ந்து பார்த்தவரோ அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான கேப் நியூவெல். காட்சி தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்; அவர் இடைமறித்து, படிப்பு முடிந்தபின் என்ன செய்வதாக உத்தேசம் என்று வினவினார்; கோஷ்டியினர் அனைவரையுமே அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. சபையின் முன் நிற்கும் மாணவர்கள், யார் எந்தப் பகுதியைச் செய்தார், எத்தனை இரவுகள் விழித்தார் என்ற வரலாற்றிலேயே பாதிப் பொழுதைக் கழித்துவிடுவதுண்டு. காட்டவேண்டிய பொருள் கடைசி ஐந்து நிமிஷங்களில் அவசர அவசரமாகத் தலைகாட்டும். நார்பாகுலர் டிராப்பின் விசேஷமோ, சொல்லில் அடங்காமல் பார்வையில் அடங்குவது. ஒரு வாசலின் வழியே நோக்கினால் மற்ற வாசலுக்கு அப்பாலுள்ள காட்சி தெரிகிறது என்று நான் இங்கே எழுதியதைப் படித்துக் கற்பனை செய்ய வாசகருக்குச் சற்றே சிரமமாயிருக்கலாம். திரையில் அது நொடிப்பொழுதில் பிரத்தியட்சமாகிறது. வியாக்கியானம் வேண்டாத பொருளைக் கொண்டுவந்தவர்களுக்குக் கால் மணி நேரமே தாராளம். அதிலும், இத்தகைய ஒரே கருத்தைப் பற்றிக்கொண்டு மற்ற ஆசைகளைத் துறப்பது, பலர் கூடி வேலை செய்யும் இடத்தில் எளிதன்று. ஆளுக்கொரு அலங்காரம் சேர்க்கவே மனம் துடிக்கும்.

வால்வில் சேர்ந்தபின், பத்துப் பேருக்கு மிகாத சிறு குழுவாகவே அவர்கள் உழைத்து உருவாக்கிய 'போர்ட்டல்', 2007ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. ராஜகுமாரியும் அரக்கனும் மறைந்தார்கள். நீலமும் செம்மஞ்சளுமான இரு வாசல்கள் நிலைத்தன. பேசும் சிறைக்கு ஈடாக, கிளாடோஸ் என்ற இயந்திரம் ஆராய்ச்சிக்கூடத்தை ஆண்டுகொண்டு, தேன் தடவிய வாக்கால் நாயகியை வதைத்தது. செல் என்ற அந்த நாயகியின் கால்களில், எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும் செயற்கை முழங்கால்களைப் பொருத்தியிருந்தார்கள்! பழைய ராஜகுமாரிக்கு இல்லாத அங்கத்தை இவளுக்கு இரட்டிப்பாக வழங்கிய குறும்பு என்றே நான் அதைக் கொண்டாடுகிறேன்.

சில வருஷங்களுக்குள் அதே டிஜிபென்னிலிருந்து வேறொரு மாணவர் கோஷ்டி, தரையிலும் சுவரிலும் சாயம் பீய்ச்சி, அதன் நிறத்துக்கேற்ப ஓடவும் எழும்பவும் செய்யும் 'டேக்' என்ற விளையாட்டோடு அந்த நிறுவனத்துக்குள் நுழைந்தது. 2011இல் வந்த 'போர்ட்டல் 2'இல் அந்தச் சாயம் என்ன கோலம் கொண்டது என்பதை அடுத்த இதழில் விவரிக்கிறேன்.